இரண்டாவது ஆமென்

மார்ச் 8, ஞாயிறு

வெயில். முன்வாசல் குழாயில் தண்ணீர் நூலாக. துணி காயப்போட்டு, புளிக்குழம்பு வைத்துவிட்டு, தனியாகச் சபைக்கு.

லைவ் ஆராதனையில் தமிழ் சப்டைட்டில், இன்று முதல் சோதனை. தானாகக் கேட்டுத் தானாக எழுதும் மென்பொருள். முதல் மாதம் இலவசம். விளம்பரத்தில் துல்லியத்துக்கு ஒரு பெரிய சதவிகிதம் போட்டிருக்கிறார்கள். எந்த ஊர்த் தமிழை வைத்து அளந்தார்கள் என்று எங்கும் இல்லை.

சவுண்டு மேசையில் நானும் ரூபியும். ரூபிக்குச் சிங்கப்பூரில் கிடங்கு வேலை. வாரம் முழுக்க எல்லைப் பாலம் கடக்கிறவள், ஞாயிறு மட்டும் எங்கள் பழைய ஒலி மிக்சரோடு மல்லுக்கட்டுகிறாள்.

எங்கள் சபையில் பாஸ்டர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் நிற்கும் ஜெயசீலன் அண்ணன் அதை ஆங்கிலத்தில் சொல்வார். பிறகு அடுத்த வாக்கியம். வலப்பக்க வரிசைகளில் ஆங்கிலம் மட்டும் தெரிந்த குடும்பங்கள், அவர்களுக்காக. இருபது வருடமாக இப்படித்தான். மெஷினிடம் தமிழ் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். அது அண்ணனின் ஆங்கிலத்தையும் விடாமல் தமிழ் எழுத்தாக்கிக் கொட்டியது. நடுநடுவே பாஸ்டரின் அரை வாக்கியங்கள் மிதந்தன.

ரூபி: "அலமாக்! அக்கா, இது எந்த பாஷை லா?"

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் தேவா டிவியில் பேட்மின்டன் பார்த்துக்கொண்டு.

"ஆராதனை பாக்கலையா?"

என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "பாத்தேன். பாஸ்டருக்குக் காய்ச்சலா கிரேஸ்? என்னென்னமோ பொலம்புறாரு."

சிரிப்பு வந்தது. சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

அலுவலகம். தேர்வுத் தாள்கள். ஏசி பழுது. மாலையில் ரம்ஜான் நோன்புச் சந்தை நெரிசல், உலு திராமில் வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. தேவாவுக்குக் கறி வைத்த மூர்த்தபா ரொட்டி வாங்கினேன்.

பாஸ்டர் போன் செய்தார். பெரிய வெள்ளிக்கு ஏழு பேர் பட்டியல் போட வேண்டும். சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், ஆளுக்கு ஒன்று, நண்பகலிலிருந்து மூன்று மணிவரை. ஐந்தாவது, தாகம் பற்றியது, தேவாவுடையது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்தான் பேசி வந்தார். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் வேறு யாரோ ஒப்புக்குப் பேசினார்கள்.

"சிஸ்டர், இந்த வருசமும் இல்லன்னா வேற ஒருத்தருக்கு நிரந்தரமா கொடுத்துடலாம்னு கமிட்டியில சொல்றாங்க. குருத்தோலை ஞாயிறுக்குள்ள சொல்லுங்க."

தேவாவிடம் போனில் தட்டச்சு செய்து காட்டினேன். படித்தார். மூர்த்தபாவைப் பிய்த்தார்.

"முன்னாடி பேசுனவர் என்ன சொல்லி முடிச்சார்னே தெரியாது. நான் போயி எதப் பிடிச்சு ஆரம்பிக்கிறது?"

அதுதான் விஷயம். எங்கள் சபை வழக்கம்: முன்னவர் முடித்த வாக்கியத்தை எடுத்துத்தான் அடுத்தவர் தொடங்க வேண்டும். ஏழு பேரும் ஒரே கயிறு. கயிறு விட்டுப்போனால் கிழவர்கள் வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள்.

பாசிர் கூடாங் ஆலையில், கம்ப்ரசர் பக்கத்தில், தேவாவுக்கு அத்தனை வருட வேலை. இடது காது முற்றிலும் போயிற்று. வலதில் கொஞ்சம். காதுக்கருவி எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்குகிறது. கரண்டியும் மனிதக் குரலும் அதற்கு ஒன்று. அலமாரியில் கிடக்கிறது. வேலையை விட்டபின் வெளியே போவது குறைந்து, பிறகு ஞாயிறும் நின்று, இப்போது சோபா.

அவரைப் பிரசங்கியாராகப் பார்க்கும் ஆசை எனக்கில்லை. சோபாவிலிருந்து எழுந்தால் போதும்.

மார்ச் 12, வியாழன்

மூன்று நாளாகக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு கோப்பையை இரண்டு தடவை கழுவினேன்.

செய்ய வேண்டியவை: கார் சாலை வரி. சபை ஆட்களின் பெயர்களை மெஷினுக்கு ஊட்டுவது. மைக்கிலிருந்து நேர்க்கம்பி. மீன் சந்தை.

ரூபி பாலத்தில் பஸ்ஸிலிருந்து: "அக்கா, ரெண்டு மைக்கையும் பிரிச்சு அனுப்பணும்னா நம்ம மிக்சர் தாங்காது. பழசு. ஈஸியா ஒண்ணு சொல்லவா? ஒரு ஞாயிறு டிரான்ஸ்லேஷன் இல்லாம ஓட்டிப் பாப்போம். தமிழ் மட்டும்."

"ஜெயசீலன் அண்ணன்?"

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அடிப்பாரு."

சொன்னேன். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். போனில் நீண்ட மூச்சு.

"ஒரு மெஷினுக்காக என்னை உக்காரச் சொல்றீங்களா?"

"ஒரு வாரம்தான் அண்ணே. தேவாவுக்காக."

"தேவா பேரச் சொல்லிட்டீங்க. இனி நான் என்னத்தச் சொல்ல. சரி. உக்காந்துக்கிறேன்."

சரி என்று சொன்ன விதம் சரியில்லை.

மார்ச் 15, ஞாயிறு

தேவா வந்தார். தானாகவே. காலையில் பார்த்தால் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். நான் பார்க்காத மாதிரி காப்பி கலக்கப் போனேன். ஏதாவது சொன்னால் போட்ட சட்டையைக் கழற்றிவிடுவார்.

கடைசி வரிசை, சவுண்டு மேசைக்கு முன்னால். மடியில் டேப்லட்.

சப்டைட்டில் நன்றாக வந்தது. இதை எழுத எனக்கே தயக்கம், ஆனால் உண்மை. பெயர்கள்கூடச் சரி. முதலில் ஒன்றை எழுதும், பிறகு தானே யோசித்து மாற்றும், கடைசியில் பெரும்பாலும் சரியான இடத்தில் வந்து நிற்கும். ரூபி என் தோளில் தட்டினாள்.

ஆனால் அண்ணன் இல்லாததால் பாஸ்டர் நிறுத்தவில்லை. வருடக்கணக்கில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கட்டிப்போட்ட மனிதர், இன்று அவிழ்த்துவிட்ட மாதிரி. மெஷின் பின்னாலேயே ஓடியது. முதலில் ஒரு வாக்கியம் பின்தங்கியது, போகப்போக மூன்று.

ஜெபம். பாஸ்டர் முடித்தார். எல்லோரும் ஆமென். உட்கார்ந்தார்கள். பாட்டுப் புத்தகம் புரட்டும் ஓசை. அப்போது, கோவில் முழுக்க அமைதியாக இருக்கும்போது, தேவா "ஆமென்!" என்றார். அவர் சத்தத்தின் அளவு அவருக்குத் தெரியாது. ஆலைக் குரல்.

தலைகள் திரும்பின. முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். அப்படிப் பொத்தியதுதான் மோசம். அதைத்தான் தேவா பார்த்தார்.

எனக்கு ஆமென் என்ற அந்த வார்த்தை வாயில் வருவதில்லை. நம்பிக்கை பல்கலைக்கழக நாட்களில் விட்டுப்போனது, திரும்பவில்லை. எல்லோரும் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பேன். தேவா கேட்டதும் இல்லை. சொல்கிற மனிதருக்கு இப்படி ஆகிறது.

அடுத்த பாட்டில் எழுந்து போய்விட்டார். நான் மேசையை விட்டு நகர முடியாது. பிறகு போனேன். காரில் இருந்தார், ஏசி போடாமல், வியர்வையோடு.

"இனிமே கேக்காத கிரேஸ்."

நான் வண்டியை எடுத்தேன். சிக்னலில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு மட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

மழை இல்லை. தலைவலி.

மென்பொருள் அமைப்பில் ஒரு நகர்த்துப்பட்டை இருக்கிறது. ஒரு முனையில் வேகம், மறுமுனையில் சரி. வேகத்தில் வைத்தால் குப்பை. சரியில் வைத்தால் தாமதம். நடுவில் வைத்தால் இரண்டும் கொஞ்சம். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். தமிழ் இன்னும் சோதனை நிலையில்தான் உள்ளது, உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில். நான் பொறுமையாக இருப்பதாக யார் சொன்னது?

தேவா இன்று முழுக்க மீன்தொட்டி கழுவினார். அதில் மீன் செத்து ஒரு வருடம் ஆகிறது.

மார்ச் 21, சனி

ஹரி ராயா, நோன்புப் பெருநாள். பக்கத்து வீட்டு ஜைனப் அக்கா ரெண்டாங் கறியும் கெத்துபாட் சோறும் கொண்டுவந்தார். தேவாவைப் பார்த்து மலாயில் கத்தினார். தேவா ஒன்றும் கேட்காமலே பெரிய சிரிப்பு, பெரிய கைகுலுக்கல். உணவு சம்பந்தப்பட்ட பேச்சுக்குக் காது வேண்டியதில்லை போலும்.

மதியம் எதிர்பாராமல் ஜெயசீலன் அண்ணன். கையில் பலாப்பழம். போன ஞாயிறு எழுந்து போனவர் தேவா மட்டும் இல்லை என்று இன்றுதான் தெரிந்தது. மொழிபெயர்க்க வேலை இல்லாமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க அண்ணனால் முடியவில்லை. பாதியில் மாமாக் டீக்கடைக்குப் போய் தே தாரிக் குடித்தாராம்.

"கைய எங்க வைக்கிறதுன்னே தெரியல தங்கச்சி. எங்க உக்காந்தாலும் எடஞ்சலா இருக்கு."

தேவா என்னைப் பார்த்தார். போனில் தட்டிக் காட்டினேன். படித்துவிட்டு அண்ணனின் முழங்காலில் தட்டினார்.

"உங்களுக்கும் வேல போச்சா? வாங்க, சேந்து பேட்மின்டன் பாப்போம்."

இருவரும் சிரித்தார்கள். அண்ணனின் சிரிப்பில் கொஞ்சம் கண்ணீர். நான் பலாப்பழம் நறுக்கப் போனேன். கையெல்லாம் பால், எண்ணெய் தடவ மறந்துவிட்டேன்.

ஆங்கிலக் குடும்பங்களும் பாஸ்டரிடம் முறையிட்டிருக்கிறார்களாம். ஒரு வார்த்தை புரியவில்லை என்று. நியாயம்தான். ஒருவருக்காக நான் வரிசை வரிசையாகச் செவிடாக்கி வைத்திருக்கிறேன்.

மார்ச் 26, வியாழன்

ஒருவழியாக மழை. வடிகால் நிரம்பிச் சாலைவரை.

ரூபி சிங்கப்பூரில் யாரிடமோ ஒரு சின்ன மிக்சர் வாங்கி வந்திருக்கிறாள். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாளாம். தமிழ் மைக் தனி வழி, அண்ணனின் மைக் தனி வழி. மெஷினுக்குத் தமிழ் மட்டும் போகும். சபைக்கு இரண்டும்.

வேலை முடிந்து போய்ச் சோதித்தோம். எனக்கு ஒரு பெரிய ஹெட்போன், காதை முழுக்க அடைப்பது. மெஷினுக்குப் போகிற சத்தம் மட்டும் அதில் வரும். ரூபி தமிழ் மைக்கில் பேசினால் தெளிவு. ஆங்கில மைக்குக்கு நகர்ந்தால் அவள் வாய் அசைவது மட்டும். ஆழத்தில் இருக்கிற மாதிரி. நன்றாக இல்லை. உடனே கழற்றினேன்.

போன ஞாயிறும் மைக் இல்லாமல் இருந்த அண்ணனுக்குச் சொன்னேன், இந்த ஞாயிறு திரும்ப நிற்கலாம் என்று.

"யோசிக்கிறேன்" என்றார். யோசிக்கவில்லை. குரலிலேயே தெரிந்தது, சட்டையை எடுத்து வைக்கப் போய்விட்டார்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

காலை ஏழரைக்கு வாசலில் ஹாரன். அண்ணன் கார். கோட், டை.

தேவாவிடம், வாயை அகலமாகத் திறந்து: "நான் தனியாப் போனா எல்லாரும் என்னையே பாப்பானுங்க! நீயும் வா! ரெண்டு பேரா போவோம்!"

தேவா: "எம்மேல பழி போட்டுட்டு நீங்க தப்பிச்சுக்கவா?"

"ஆமாடா!"

போனார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையை மட்டும் பார்த்திருந்தேன். பாஸ்டர் ஒரு வாக்கியம். நிறுத்தம். என் காதில் வெறுமை, அண்ணனின் வாய் அசைகிறது. அந்த நேரத்தில் மெஷின் எழுதுகிறது, அடிக்கிறது, திருத்துகிறது, முடிக்கிறது. முடிக்கவும் பாஸ்டர் அடுத்ததைத் தொடங்கவும் சரியாக இருந்தது. ஒவ்வொரு தடவையும்.

கொஞ்ச நேரம் எனக்கே புரியவில்லை. இரண்டு வாரமாக நகர்த்துப்பட்டையில் தேடின இடைவெளி. அண்ணன் நிற்கிற இடத்தில் இருந்தது. நான்தான் அவரை உட்காரவைத்தேன்.

ஜெபம் முடிகிறபோது ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினேன். பாஸ்டர் முடித்தார். இடப்பக்கம் ஆமென். அண்ணன் ஆங்கிலத்தில் முடித்தார். வலப்பக்கம் ஆமென். எப்போதும் இரண்டு தடவை வரும், நான் கவனித்ததே இல்லை. இரண்டாவதில், ஆங்கிலக்காரர்களோடு, தேவாவின் ஆலைக் குரல். எவ்வளவு சத்தமென்றாலும் அந்தக் கூட்டத்தில் கரைந்தது. ஒரு தலையும் திரும்பவில்லை.

தேவா மெதுவாகச் சுற்றிலும் பார்த்தார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பதைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னை.

திரும்பும்போது காரில் பின்சீட்டிலிருந்து தேவா: "இத்தன வயசுக்கு மேல என்னை இங்லீஷ்காரன் ஆக்கிட்டீங்க."

அண்ணன் ஓட்டிக்கொண்டே ஏதோ சொல்ல, நான் போனில் தட்டிக் காட்டினேன்: இனி உன் மலாய்கூட இங்லீஷ்தான் என்கிறார்.

இறங்கும்போது தேவா, கதவைப் பிடித்துக்கொண்டு: "பாஸ்டர்கிட்ட சொல்லு. ஜெயா அண்ணன் பக்கத்துல நின்னா பேசுறேன்."

சொன்னேன். அண்ணன் வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் சொல்லிவிட்டேன் என்றுகூட எழுதலாம்.

ஏப்ரல் 1, புதன்

ஒத்திகை. காலியான கோவில், விசிறிச் சத்தம், நாங்கள் நால்வர்.

புதுச் சிக்கல். தேவா தமிழில் சொல்லி நிறுத்துகிறார். அண்ணன் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாரா இல்லையா என்று தேவாவுக்குத் தெரியவில்லை. சப்டைட்டிலில் தமிழ் மட்டும்தானே. ஒரு முறை அண்ணன் மேல் ஏறிப் பேசினார். ஒரு முறை முடிந்தபின்னும் காத்துக்கொண்டே நின்றார். ரூபி ஆங்கிலத்துக்கு இன்னொரு திரை போடலாம் என்றாள். திரைமேல் திரை.

அண்ணன்: "சும்மா இரும்மா. முடிச்சதும் முழங்கையில ஒரு அமுக்கு அமுக்குறேன்."

தேவா (நான் தட்டிக் காட்டியதும்): "மெதுவா அமுக்குங்க. போன தடவ பேட்மின்டன் பாக்கறப்ப அடிச்ச அடி இன்னும் வலிக்குது."

அமுக்கு வேலை செய்தது. என்ன பேசப்போகிறார் என்று தேவா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான்காவது பேசுகிறவர் நிர்மலா, மருத்துவமனைத் தாதி, நன்றாகப் பேசுவாள். அவள் முடிக்கிற வாக்கியம் என்னவென்று அவளுக்கே அன்றுதான் தெரியும். அதை மட்டும் யாரும் ஒத்திகை பார்க்க முடியாது.

விடுப்பு கிடைத்தது, வெள்ளி முழு நாள். மேலாளர்: "பெரிய வெள்ளிக்கு இங்க விடுமுறை இல்லையே?" இல்லை. எங்களுக்கு மட்டும்.

ஏப்ரல் 4, சனி

நேற்று எழுத முடியவில்லை.

வெள்ளி காலை தெளிவு, நண்பகலில் வானம் கறுத்தது. கோவில் நிறைந்து பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். வெள்ளை, கறுப்பு உடைகள். தேவா கடைசி வரிசை ஓரத்தில், டேப்லட் மடியில். முதல் மூன்று வார்த்தைகள்வரை ஒரு குறையும் இல்லை. அவர் தலை ஆடுவது பின்னாலிருந்து தெரிந்தது.

நிர்மலா பேசிக்கொண்டிருக்கும்போது இடி. விளக்குகள் ஒரு கணம் அணைந்து வந்தன. ஒலிபெருக்கி வந்தது. மைக் வந்தது. இணையம் வரவில்லை. திரையில் அவளுடைய பாதி வாக்கியம், அப்படியே உறைந்து.

ரூபி மேசைக்கடியில் போய்விட்டாள். "ரௌட்டர் சிவப்பு, அக்கா! சில நிமிசம் ஆகும்!" என் போனில் இணையம் கொடுத்துப் பார்த்தேன். கோவில் முழுக்க ஆளுக்கொரு போன், சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

தேவா டேப்லட்டைத் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு கீழே வைத்தார். தோள்கள் இறங்கின. சோபாவில் பார்த்த தோள்கள்.

நிர்மலா முடிவுக்கு வந்துகொண்டிருந்தாள். குரல் தாழ்ந்தது, எனக்குத் தெரியும் அந்தத் தாழ்வு. டேப்லட் எங்கள் கம்ப்யூட்டரோடு உள்வலையில்தான் இணைந்திருக்கிறது, வெளியே போக வேண்டியதில்லை. மெஷின் எழுதும் கட்டத்தில் நான் எழுதினால் அவருக்குப் போகும். இது ஏன் முன்பே தோன்றவில்லை? கட்டத்தைச் சொடுக்கி, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் முடித்த வாக்கியத்தை இரண்டு விரலால் தட்டினேன்.

பதில் வராத கதவுக்கு முன்னாலதான் அவர் நின்னுக்கிட்டு இருந்தார்.

எழுத்து எழுத்தாகப் போயிருக்கும். மெஷின் வாக்கியத்தைக் குவியலாகக் கொட்டும், பிறகு மாற்றும். இது மாறவில்லை. தேவா குனிந்து படித்தார். திரும்பி மேசையைப் பார்த்தார். நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

கீர்த்தனை. தேவா எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நடுவழியே நடந்து போனார். அண்ணன் அங்கே காத்திருந்தார்.

"பதில் வராத கதவுக்கு முன்னால அவர் நின்னார்னு தங்கச்சி நிர்மலா சொல்லி முடிச்சாங்க." குரல் கொஞ்சம் பெரிது. அண்ணன் ஆங்கிலம். அமுக்கு. "தங்கச்சி சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. அப்படி நிக்கிறவனுக்குத் தாகமும் எடுக்கும்."

கிழவர்கள் வரிசையில் ஒருவர் தலையாட்டினார். கயிறு அறுபடவில்லை.

அதற்குப் பின் என்ன பேசினார் என்று ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. ரூபி ரௌட்டரை எழுப்பிவிட்டாள், மெஷின் அவர் பேச்சை எழுதத் தொடங்கியது, நான் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலையில் கம்ப்ரசர் பக்கத்தில் தண்ணீர் கேட்டால் கை ஜாடையில்தான் கேட்க வேண்டும், ஜாடையைப் பார்க்கிறவன் இருந்தால்தான் தண்ணீர் வரும் என்றார். அது மட்டும் நினைவிருக்கிறது. திரையில் அது ஒரு பிழையும் இல்லாமல் வந்தது.

முடிவில் சின்ன ஜெபம். தேவா கண்ணை மூடவில்லை. அவர் மூட முடியாது. கடைசி வாக்கியம். நிறுத்தம். என் ஹெட்போனில் வெறுமை. இடப்பக்கம் வாய்கள் அசைந்தன, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தேவா அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார், காத்துக்கொண்டு. அண்ணனின் கை முழங்கையில் அழுந்தியது. வலப்பக்கம் வாய்கள். தேவாவின் வாய் திறந்தது.

ரூபி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். மேசைக்கு முன்னாலிருந்த நாற்காலிகளிலும் இரண்டு தலைகள் திரும்பின.

அந்த வார்த்தையை நானும் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.